ஜெட் விமானத்தில் ஏறிய எலுமிச்சங்கனி

இலை போட்டாயிற்று. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, அரசாணிக்காய்ப் பொரியலும் விழுந்தது. என் கணவர் கை வைக்கவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, பொரியலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மஞ்சள் துணி. அழுக்கேறி, ஒரு பக்கம் சப்பையாகி இருந்தது. முடிச்சு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது. உள்ளே என்ன என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. காய்ந்த எலுமிச்சை வாசம் கதவு இடுக்கு வழியாக என் மூக்குவரை வந்துவிட்டது.

"இத யாரு வெச்சது?" என்று கேட்டார்.

நாமக்கல்லில் என் பிறந்த வீட்டில், இவர் குழந்தையைப் பார்க்க லீவில் வந்திருந்தபோது நடந்தது இது. முன்னால் லாரி ஷெட், பின்னால் வீடு. நான் பதினோரு நாள் குழந்தையோடு உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். எதிர் இலையில் அப்பா. ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு இந்தக் கனியைத் தெரியும். "போர் விமானம் ஓட்டிய மாப்பிள்ளைக்கு அப்பா ஒருமுறை எலுமிச்சங்கனி வைத்து அனுப்பிவிட்டார்" என்று மூன்றாம் வாரத்தில் ஒரே வரி எழுதிவிட்டு நைசாக நழுவிவிட்டேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் கடிதம் போட்டிருந்தீர்கள். அந்த வரியில் ஒரு சொல் பொய். அதைச் சரி செய்யத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

ரிவர்ஸ் இல்லாத வண்டி

இவர் என்னைப் பெண் பார்க்க வந்த கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் கனியின் கதை புரியும்.

இவருக்குச் சொந்த ஊர் மேட்டூர். மாமனார் அங்கே ஒரு ஆலையில் கணக்கர். பையன் எப்படியோ விமானப்படையில் சேர்ந்து, ஜெட் விமானம் ஓட்டுகிறான் என்றார் தரகர். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. எங்கள் சொந்தத்தில் லாரி, பஸ், டிராக்டர், போர்வெல் ரிக் எல்லாம் ஓட்டும் மாப்பிள்ளைகள் இருந்தார்கள். மேலே போகும் வண்டிக்கு மட்டும்தான் ஆள் இல்லை.

ஆனாலும் லாரிக்காரர் லாரிக்காரர்தான். மாப்பிள்ளை பஜ்ஜியைக் கையில் எடுக்கும் முன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

"ஏனுங்க மாப்ள, உங்க வண்டிக்கு எத்தன இஞ்சினு?"

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணுதானா? நடுவழியில நின்னு போச்சுன்னா?"

"மறுக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பேனுங்க."

"ஆகலீன்னா?"

"நாற்காலியோட வெளிய வந்துருவேனுங்க. நாற்காலிக்கு அடியில வெடி இருக்குதுங்க. கைப்பிடிய இழுத்தா ஆள மேல தூக்கி எறிஞ்சிரும். அப்புறம் பாராசூட்டு விரியும்."

உட்கார்ந்திருக்கும் சீட்டுக்குக் கீழே வெடி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டும் மனிதனை அப்பா அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"அப்ப வண்டி?"

"வண்டி உழுந்துருமுங்க."

"கிளீனரு?"

"கிளீனர் கிடையாதுங்க. நான் ஒருத்தன்தான்."

"கிளீனர் இல்லாம ரிவர்ஸு எப்புடி எடுப்பீங்க?"

"ரிவர்ஸே கிடையாதுங்க மாமா."

அப்பா எழுந்து உள்ளே வந்தார். "ஏம்மணி, ரிவர்ஸ் இல்லாத வண்டி ஓட்டற பையனுக்கு உன்னக் குடுக்கறதா?" என்று என்னிடமே கேட்டார். நான் ஜன்னல் வழியாக ஏற்கெனவே பார்த்துவிட்டேன். மீசை நன்றாக இருந்தது. "ரிவர்ஸ் எதுக்குங்கப்பா, போறது ஒரே பக்கம்தான?" என்றேன். கல்யாணம் முடிந்தது.

இங்கே அப்பாவின் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. வாலிபத்தில் லோடு இறக்கும்போது லாரியின் பின்கதவு விழுந்து அவற்றைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்த மூன்று விரல்களால் ஸ்டியரிங் பிடிப்பார், மீசை முறுக்குவார், மீட்டர் வட்டிக்காரனைப் பார்த்து ஆட்டியும் காட்டுவார். சின்ன முடிச்சுப் போட மட்டும் வராது. அந்த வேலையெல்லாம் எனக்குத்தான்.

கோழிகளின் புகார்

போர் விமானிக்கு வாழ்க்கைப்பட்டால் ஊரில் மரியாதை கூடும் என்று நினைத்திருந்தேன். கூடியது புகார்தான்.

அப்போது எங்கள் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். நான் அம்மா வீட்டுக்கு வந்திருக்கும்போது ஒரு விமானம் தாழ்வாகப் பறந்து போனால் போதும், கோழிகள் கூட்டோடு மிரண்டு முட்டை இடுவதை நிறுத்திவிடும். பண்ணை வைத்திருந்த என் பெரியம்மா அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுவார். "உன்ர ஊட்டுக்காரரு நேத்து இந்தப் பக்கம் வந்தாராமா? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்திருக்கக்கூடாது? கோழியெல்லாம் நேத்துப் புடிச்சு மொட்டு மொட்டுனு உக்காந்திருக்குது!" இவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் வடக்கே இருக்கிறார் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? வானத்தில் எது போனாலும் அது எங்கள் வீட்டு வண்டிதான்.

அந்த வண்டிகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டது விமானப்படைக் குடியிருப்பில்தான். இவர்கள் படையில் ஓட்டியவை முதல் தலைமுறை ஜெட்டுகள். புதிய ரகங்கள் வந்துகொண்டிருந்தாலும், பழையவை ஓய்வு பெறாமல் பறந்துகொண்டே இருந்தன. உந்துவிசையைக் கூட்டினால் லாரிபோல உடனே சீறாது. யோசித்து, பெருமூச்சு விட்டு, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கழித்துத்தான் வேகம் பிடிக்கும். இறங்கும்போது உயரம் கொஞ்சம் குறைந்துபோய், அந்த நேரம் பார்த்து உந்துவிசை வேண்டுமென்றால் விமானிக்கு அந்த வெற்றிலை நேரம் கிடைக்காது. நாற்காலியோடு குதிக்கலாம் என்றாலும் பாராசூட் விரிய உயரம் வேண்டும். இஞ்சினுக்குக் காற்று இழுக்க முன்னால் இருக்கும் வாய், வழியில் எது கிடைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். கல், திருகாணி, பறவை எதுவானாலும் சரி.

இதையெல்லாம் இவர் சமையலறையில் வெங்காயம் உரித்தபடியே சிரித்துக்கொண்டு சொல்வார். நானும் சிரித்துக்கொண்டு கேட்பேன். இவர் பறக்கப் போன நாட்களில் மட்டும் வாசலை விட்டு நகர மாட்டேன்.

வெள்ளைப் பூ

எங்கள் கல்யாணத்துக்கு இவருடைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். பஞ்சாபி. நம் ஊர்க் கச்சாயப் பலகாரத்தில் ஒன்பது சாப்பிட்டுவிட்டு, பத்தாவதைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறியவர். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, மேலே எழும்பிக்கொண்டிருந்த அவருடைய விமானத்தின் வாய்க்குள் ஒரு கழுகு போய்விட்டது. அவர் திரும்பவில்லை.

அந்தச் செய்தியோடுதான் என்னைப் பிரசவத்துக்காக நாமக்கல்லில் விட வந்தார் இவர். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். மறுநாள் காலையிலேயே குலதெய்வம் கோயிலுக்குப் பூ கேட்கக் கிளம்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூ கேட்போம். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. அப்பா கேட்டது: "மாப்ள வண்டியில கனி வெக்கலாமா?" வெள்ளை வந்தது.

கனி வைப்பது எங்கள் ஷெட்டின் வழக்கம். அம்மன் மடியில் வைத்து எடுத்த எலுமிச்சங்கனி டிரைவர் சீட்டில் இல்லாமல் எந்த லாரியும் கிளம்பாது. டிரிப் முடிந்து வந்ததும் அதை ஆற்றில் விட்டுவிடுவோம். ஒருமுறை கனி உருண்டுபோய் பிரேக் மிதிக்கு அடியில் மாட்டிக்கொள்ள, ஒரு டிரைவர் லாரியைக் கரும்புத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்குப் பிறகு அப்பா சட்டம் போட்டார். கனியை மஞ்சள் துணியில் முடிந்து ஸ்டியரிங் கம்பத்தில் கட்டிவிட வேண்டும்.

இவர் மறுத்துவிட்டார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஓட்டற எடத்துல ஒரு பென்சில்கூட சும்மா கிடக்கக் கூடாதுங்க. அது சட்டம்" என்றார். இவர் தேங்காய்கூட உடைக்காத மனிதர். கோயிலுக்கு வந்தால் செருப்புகளுக்குக் காவல் நிற்பார்.

அப்பா கனியைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். அங்கிருந்து எடுத்தது நான்.

ஆம், நான்தான். அப்பா இல்லை.

முழங்கால் கிழிந்த பறக்கும் உடுப்பு ஒன்றை என்னிடம் தைக்கக் கொடுத்திருந்தார் இவர். மேலிருந்து கீழ்வரை ஒரே துணியாக, உடம்பெங்கும் பையாக இருக்கும் உடுப்பு. தைத்து முடித்து, கனியை மஞ்சள் துணியில் இறுக முடிந்து, கணுக்காலுக்கு மேலே இருந்த பைக்குள் ஆழமாகத் தள்ளினேன். துணியில் முடிந்தாகிவிட்டது, இனி உருளாது என்று நினைத்தேன். கட்ட ஒரு கம்பம் வேண்டுமே என்ற மீதிச் சட்டம் அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

சூரமங்கலம் ஸ்டேஷனுக்குப் போய் இவரை ரயிலேற்றிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

தலைகீழாக

மேலே என்ன நடந்தது என்பதை இவர் அந்தச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் சொன்னார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

அந்த உடுப்பை இவர் பல வாரம் கழித்துத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார். கால் பையில் வரைபடத்தைச் செருகியபோது கையுறை போட்ட கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மேலே போய் வரைபடத்தை உருவினார். கூடவே பொட்டலமும் வந்து எங்கோ விழுந்தது. இவர் கவனிக்கவில்லை. பயிற்சிக்காக விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அப்போது கண்ணாடிக் கூரையில் ஏதோ மஞ்சளாகப் போய் உட்கார்ந்தது. இவர் விமானத்தை நேராக்கினார். மஞ்சள் காணாமல் போய்விட்டது.

மூக்கைக் கீழே சாய்த்து இறங்கிக்கொண்டிருந்தவர், மேலே எழுவதற்காக நெம்புகோலைப் பின்னால் இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. இன்னும் பலமாக இழுத்தார். வரவில்லை. நெம்புகோலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் கனி உட்கார்ந்திருந்தது.

"கீழ வயலு தெரியுது. வயல்ல வேலை செய்யறவங்க தலைத்துண்டு தெரியுது" என்றார் இவர். அம்மாவின் கையில் இருந்த கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் இழுக்கத்தான் முடியவில்லை. முன்னால் தள்ள முடியும். விமானத்தை மறுபடியும் தலைகீழாக்கிவிட்டு நெம்புகோலை முன்னால் தள்ளினார். தலைகீழாக இருக்கும்போது முன்னால் தள்ளினால் விமானம் தரையை விட்டு விலகி மேலே போகும். கனி பிடியை விட்டுக் கூரைக்கு ஓடியது. அதை இடது கையால் எட்டிப் பிடித்து, தொடைக்கு அடியில் திணித்து, நேராகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டே தரையிறங்கினார். அம்மன் மடியில் இருந்த கனி சப்பையானது அப்படித்தான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "ஆத்தா காப்பாத்திட்டா சாமி" என்றார்.

"மாமா, என்னையக் கொல்லப் பாத்ததே அந்தக் கனிதானுங்க!"

"அதுக்கப்புறம் காப்பாத்துச்சா இல்லையா?"

இந்தச் சண்டை அப்பா இருந்தவரைக்கும் தீரவில்லை. இரண்டு பேருக்கும் சாட்சி அதே கனிதான்.

மூன்று விரல்

ஆனால் இவர் சண்டை போடுவதற்காக அந்தப் பொட்டலத்தை இலையில் வைக்கவில்லை. இவருடைய படைத்தளத்தில் மகாதேவ் என்று ஒரு பையன். விமானம் கிளம்பும் முன் உள்ளே பார்த்து, சாமான் எதுவும் சும்மா கிடக்கவில்லை என்று கையெழுத்துப் போடும் மெக்கானிக். இறங்கியதும் இவர் நடந்ததைச் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்து இருக்கிறது, விமானத்துக்குள் கனியும் இருந்திருக்கிறது. அவனை வேலையை விட்டு ஒதுக்கி வைத்துவிட்டார்கள். விசாரணை முடிந்தால் அவன் வேலையே போய்விடும்.

"மஞ்சத் துணியப் பாத்ததும் எந்த ஊருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. லீவு முடிஞ்சு வந்து எழுதிக் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கேன். நான் ஒரு பேரு எழுதணும்" என்றார். பிறகு மறுபடியும் கேட்டார். "யாரு வெச்சது?"

கதவைத் திறந்து "நான்தானுங்க" என்று சொல்ல இரண்டடி தூரம் இல்லை. என் கால் நகரவில்லை. குழந்தை கையில் இருந்தது, பிள்ளைபெற்றவள் வெளியே வரக் கூடாது என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பயந்துவிட்டேன். இவரைக் கொல்லப் பார்த்தவள் நான் என்று இவர் வாயால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அப்பா கதவைப் பார்த்தார். சாமி மாடத்தில் இருந்த கனி எப்போது காணாமல் போனது என்று அவருக்குத் தெரியும்.

"நாந்தானுங்க மாப்ள வெச்சேன். அம்மன் உத்தரவு. என்ர பேர எழுதிக்குங்க. அப்பன் பேரு, ஊரு பேரு எல்லாஞ் சேத்து எழுதுங்க" என்றார், மூன்று விரலையும் மார்பில் வைத்து.

இவர் அந்த விரல்களைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சோறு ஆறிப்போச்சு" என்று சாப்பிட ஆரம்பித்தார்.

மகாதேவ் தப்பித்தான். விமானத்துக்குள் பழவகை எதுவும் கொண்டுவரக் கூடாது என்று படைத்தளத்தில் ஒரு உத்தரவு ஒட்டினார்களாம். தன் பெயர் டெல்லியில் ஒரு கோப்பில் இருக்கிறது என்று அப்பா கடைசிவரை டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இவருக்கு நண்பர்கள் நிம்பு என்று பெயர் வைத்தார்கள். இந்தியில் எலுமிச்சை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கொரு பழம் கொண்டுவந்து, இவர் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு உட்காருவார்கள். அப்பாவைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். அந்தப் பழங்களையெல்லாம் ஊறுகாய் போட்டு அவர்களுக்கே பரிமாறினேன்.

தகரப் பெட்டி

போன வாரம் இந்தத் தொடருக்குப் படம் தேடி, இவருடைய பழைய தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு கார்பன் நகல். இங்கிலீஷில் தட்டச்சு செய்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

பொருள்: எலுமிச்சம்பழம், ஒன்று. துணியில் முடிந்தது. விமானத்துக்குள் கொண்டுவந்தவர்: நானே. காரணம்: என் சொந்த நம்பிக்கை.

கீழே இவர் கையெழுத்து. அதற்கும் கீழே வேறொருவர் பேனாவால் எழுதியிருந்தார். இந்த அதிகாரியின் பெயர் வெளிநாட்டுப் பயிற்சிப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.

அந்தப் பயிற்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பனி பெய்யும் ஊரில் ஒன்றரை வருடம், குடும்பத்தோடு. நான் கம்பளிச் சட்டைகூடப் பின்ன ஆரம்பித்திருந்தேன். ஒரு கை பின்னி முடித்த நேரத்தில், திடீரென்று பயிற்சி இல்லை என்றார் இவர். மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டார் என்று நானாக முடிவு செய்தேன். ஒவ்வொரு மார்கழியிலும் அந்த ஒற்றைக் கைச் சட்டையை எடுத்து வெளியே போட்டு, "வாயைக் கட்டி வெச்சிருந்தா இதுக்கு ரெண்டாவது கையி மொளச்சிருக்கும்" என்று திட்டியிருக்கிறேன். ஒரு மார்கழிகூடத் தப்பியதில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் இவர் முன்னால் நின்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்கப்பா பேரத்தான எழுதுனீங்க?"

எட்டிப் பார்த்தார். "உங்கப்பா எழுதச் சொன்னாரு. எழுதறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"ஏனுங்க எழுதல?"

"அந்த முடிச்சுக்கு அஞ்சு வெரலு வேணும். உங்கப்பாவுக்கு ஏது?"

நான் உட்கார்ந்துவிட்டேன். "நாந்தான்னு அன்னிக்கே தெரியுமா?"

"மேல, கையில புடிச்சப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்து, யாரு வெச்சதுன்னு கேட்டீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கும் மனிதர், "சொந்த நம்பிக்கை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இத்தனை வருடம் நிம்புவாக இருந்திருக்கிறார். ஊறுகாய் போட்டது நான்.

"வருசா வருசம் திட்டுனேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க?" என்றேன்.

"மார்கழிக் குளுருக்கு இதமாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத உன்ர தொடருல எழுதிப்போடாத. உங்கப்பா பேரு அதுல இல்லீன்னு டீக்கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்க" என்றார்.

எழுதிவிட்டேன். டெல்லிக் கோப்பைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. இந்தப் பக்கம் என்னுடையது. இதில் திருத்திக்கொள்கிறேன்.

பொருள்: எலுமிச்சங்கனி, ஒன்று. வைத்தது: நான். காரணம்: அவர் வீடு வந்து சேர வேண்டும்.